வயதைச் சொல்லும் வகிடு

வயதாவதை ஊருக்கு முதலில் காட்டிக்கொடுப்பது தலைமுடிதான். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. எவ்வளவு கவனமாகச் சாயம் பூசினாலும் மூன்று, நான்கு வாரத்தில் வகிட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்துவிடும். கல்யாண வீட்டுக்கு அந்தக் கோட்டோடு போகக் கூச்சப்படுகிறவர்கள் இன்று எந்தச் சிற்றூரிலும் உண்டு. பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்திலேயே ஹேர் டை பாக்கெட்டும் தொங்குகிறது. இளமையாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தைப் பெருநகரத்து நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. காவிரிப் படுகையின் நெல்வயல் ஊர்களில் அதற்கும் அதை எதிர்த்த எண்ணத்துக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேளாங்கண்ணியில் அந்த எதிர்த்த எண்ணத்தை நேரில் பார்க்கலாம். ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றத்துடன் தொடங்கி செப்டம்பர் 8 வரை நடக்கும் ஆரோக்கிய மாதா திருவிழாவுக்கு வருகிறவர்களில் பலர் கிறிஸ்தவர் அல்லர். வேண்டுதல் நிறைவேறியதும் வந்து மொட்டை போட்டுக்கொண்டு, கடலில் முழுகி, தலையில் சந்தனம் பூசி, கையில் மெழுகுவர்த்தியோடு கோயிலுக்குள் போகிறார்கள். கைக்குழந்தை, கல்லூரி மாணவன், பேரன் எடுத்த பாட்டி என்ற வேறுபாடு கிடையாது. இடுப்பு வரை பின்னல் தொங்கிய இளம்பெண்ணும் அரை மணி நேரத்தில் வழுவழுத்த தலையோடு எழுந்து வருகிறாள். அடுத்த சில மாதங்களுக்கு அவளை யாரும் குறையாகப் பேசுவதில்லை. "வேளாங்கண்ணி மொட்டையா?" என்ற ஒரு கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும். அழகு என்று ஊர் மதிக்கும் பொருளை, ஊர் ஒப்புக்கொண்ட காரணத்துக்காகக் கொஞ்ச காலம் கழற்றி வைப்பது இது. முடிக்கு மதிப்பில்லாத சமூகத்தில் அதைக் காணிக்கையாகக் கொடுப்பதற்கும் பொருள் இருக்காது.

காணிக்கை முடிக்குப் பின்கதையும் உண்டு. திருப்பதி போன்ற பெரிய தலங்களில் சேரும் முடி ஏலம் விடப்பட்டு, நீளவாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, வெளிநாடுகளுக்குப் போகிறது. அங்கே அது சவுரியாகவும் விக்காகவும் மாறி, முடி உதிர்ந்த தலைகளுக்கு இளமையைத் திருப்பித் தருகிறது. 2004-இல் எருசலேமைச் சேர்ந்த யூத மத குரு எலியாஷிவ், இந்துக் கோயில் சடங்கில் மழிக்கப்பட்ட முடியால் ஆன விக்கை யூதப் பெண்கள் அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் குவித்து விக்குகளை எரித்தார்கள். ஒரு பாட்டி நேர்ந்துகொண்டு கொடுத்த கூந்தல் எங்கோ ஒருத்தியின் தலைக்குப் போய், அங்கே மதப் பிரச்சினையாகி எரிந்தது.

மூப்பு உடலில் எப்படி வருகிறது என்பது இன்று ஓரளவு தெளிவாகிவிட்டது. மயிர்க்காலில் நிறமியைத் தரும் செல்கள் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் தீர்ந்துபோகும்போது முடி நிறமில்லாமல் முளைக்கிறது. ஆசிய மக்களிடம் 25 வயதுக்கு முன் நரைத்தால் அதை இளநரை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் அது பரம்பரையாக வருவது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, புகைப் பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். தோலின் கதை வேறு. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் இளவயது முடிந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் சுமார் 30 விழுக்காடு போய்விடுகிறது. முகத்தில் தெரியும் மூப்பில் பெரும்பகுதிக்கு வயதைவிட வெயிலே பொறுப்பு.

படுகையில் இது வெறும் பாடப்புத்தகச் செய்தியாக நிற்பதில்லை. நடவு நடும் பெண் காலை முதல் குனிந்தே நிற்கிறாள். பின்கழுத்தும் முன்கையும் நாள் முழுக்க வெயிலில் கிடக்கின்றன. கறுத்த தோலில் சுருக்கம் வெள்ளைத் தோலைவிடப் பல ஆண்டுகள் தாமதித்தே விழும். நிறமி அந்த அளவுக்குக் காக்கிறது. ஆனால் அதே நிறமி கன்னத்து எலும்பு மேட்டில் மங்காகத் திட்டுத்திட்டாகப் படியும். அதனால் ஒரே வயதுடைய இரண்டு பெண்களில் வயலுக்குப் போகிறவள் மூத்தவளாகவும், நிழலில் இருப்பவள் இளையவளாகவும் தெரிகிறாள். இளமைத் தோற்றம் என்று பாராட்டப்படுவதில் ஒரு பங்கு, வெயிலில் வேலை செய்யத் தேவையில்லாத வசதிக்குப் போக வேண்டிய பாராட்டு.

நரை பற்றிய கவலை தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. புறநானூற்றின் 191-ஆம் பாடல், வயது பல ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்ற கேள்விக்குப் பிசிராந்தையார் சொன்ன பதில். குணமுள்ள மனைவி மக்கள், சொன்னதைக் கேட்கும் ஏவலர், தவறு செய்யாத அரசன், அடங்கிய சான்றோர் வாழும் ஊர் என்று அவர் காரணங்களை அடுக்குகிறார். மூலிகை, எண்ணெய் என்று எதையும் சொல்லவில்லை. மனக் கவலை இல்லாததால் நரை இல்லை என்ற அந்தக் கருத்துக்குப் பக்கத்தில் ஒரு நவீன ஆய்வையும் வைத்துப் பார்க்கலாம். 2020 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, கடும் அழுத்தத்துக்கு ஆளான எலிகளில் நரம்புகள் சுரக்கும் ஒரு வேதிப்பொருள் நிறமி மூலச் செல்களைத் தீர்த்துவிடுவதைக் காட்டியது. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. புலவர் காரணத்தைத் தேடிய இடம் தவறில்லை என்று மட்டும் சொல்லலாம்.

அதே நூலின் 243-ஆம் பாடலில் ஒரு கிழவர், ஆற்றங்கரை மருத மரத்தில் ஏறித் துடுமென நீரில் குதித்த இளமையை நினைத்து இரங்குகிறார். அந்தப் பாடலால் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரே புலவருக்கு நிலைத்துவிட்டது. பெயரிலேயே ஊன்றுகோல் இருக்கிறது. நாலடியார் இளமை நிலையாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. இளமை போகும், அதற்குள் அறம் செய் என்பது சமண முனிவர்களின் வாதம். நிலையாமையை இத்தனை முறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், கேட்டவர்கள் இளமையை எவ்வளவு இறுகப் பிடித்திருந்தார்கள் என்பதும் அதிலிருந்தே விளங்கும்.

இளமையைத் தாமே வேண்டாமென்று சொன்னவர்களின் கதைகளும் இங்கே பிறந்தன. அவற்றில் மிகக் கடுமையானது வேளாங்கண்ணிக்கு வடக்கே, நாகப்பட்டினத்தையும் நாகூரையும் தாண்டி அதே கடற்கரையில் உள்ள காரைக்காலின் கதை. வணிகர் மகள் புனிதவதி அழகி. அவள் வேண்டியதும் கையில் மாங்கனி தோன்றிய அற்புதத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன் அவளைத் தெய்வமென அஞ்சிப் பாண்டிய நாட்டுக்குப் போய் வேறு மணம் செய்துகொள்கிறான். தேடி வந்தவளின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த தசை இனி எதற்கு என்று அவள் சிவனிடம் பேய் வடிவம் கேட்டுப் பெறுகிறாள். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்ன இந்த வரலாறு, காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவாக இன்றும் நடக்கிறது. பக்தர்கள் மாடியிலிருந்து மாம்பழங்களை வீச, கீழே நிற்பவர்கள் முட்டி மோதிப் பிடிக்கிறார்கள்.

சோழர் காலச் சிற்பிகள் அவளுடைய அந்தப் பேய் உருவத்தைக் கொஞ்சமும் மெருகு போடாமல் செய்தார்கள். விலா எலும்பு எண்ணலாம். மார்பு வற்றித் தொங்குகிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கையில் தாளம், முகத்தில் சிரிப்பு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் நடராசரின் காலடியில் இந்த வடிவத்தைக் காணலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலப் படிமம் இருக்கிறது. பார்வதியின் இடையையும் தோளையும் வடித்த அதே பட்டறைகள் ஒரு பெண்ணின் உடல் வற்றிப்போனதையும் வழிபடும் பொருளாக வடித்தன. உலகச் சிற்பக் கலையில் இதற்கு நிகர் அதிகம் இல்லை.

ஔவையார் கதை இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது. கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியானாள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். குமரியாக இருந்தால் ஊர் ஊராகத் தனியே நடக்க முடியாது, அரசவையில் ஏறிப் பேச முடியாது. நரைத்த தலையும் கோலும் இருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். இந்தக் கதையில் முதுமை ஓர் அனுமதிச் சீட்டு. பெண்ணின் இளமையைப் பாராட்டுகிற சமூகமே அந்த இளமைக்குக் காவலும் போடும் என்பதைக் கதை கட்டியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

வயதைக் கொண்டாடும் சடங்குக்கும் படுகையே தலைநகரம். மயிலாடுதுறை மாவட்டத்தின் திருக்கடையூரில், எமனைக் காலால் உதைத்துச் சிவன் மார்க்கண்டேயனை என்றும் பதினாறாக நிறுத்தினார் என்பது தலபுராணம். என்றும் பதினாறு என்ற வரம் கிடைத்த கோயிலுக்கு மக்கள் போவதோ 60 நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 70-க்குப் பீமரத சாந்தி, 80-க்குச் சதாபிஷேகம் என்று தங்கள் கிழவயதைக் கொண்டாட. ஆண்டின் எந்த நாளில் போனாலும் பிராகாரத்தில் வரிசையாகக் கிழத் தம்பதிகள் மனைப்பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் கலச நீர் ஊற்றுவார்கள். தாத்தா மாலையும் கழுத்துமாகப் பாட்டிக்கு மறுபடி தாலி கட்டுவார். பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். வயதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிற இந்தச் சடங்குக்கே இப்போது மணமக்கள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார்கள். ஆல்பத்தில் நன்றாக விழ வேண்டுமே!

பழைய ஏற்பாட்டில் முதியவர்களுக்கு மரியாதை இருந்தது, நவீனம் வந்து அதைக் கெடுத்துவிட்டது என்று எழுதிவிடுவது சுலபம். அது பாதிதான் உண்மை. அறுபதாம் கல்யாணம் கணவனும் மனைவியும் உயிரோடிருக்கும் வீட்டுக்குத்தான். கணவனை இழந்தவளுக்கு அந்த மேடையில் இடமில்லை. தஞ்சை, கும்பகோணம் வட்டாரத்து அக்ரகாரங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகள் வரை கைம்பெண்களின் தலையை மழித்து, நார்மடி உடுத்தி, அடுக்களையோடு அடக்கி வைத்தார்கள். சிலருக்கு அப்போது பதினைந்து வயதுகூட ஆகியிருக்காது. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903-இலேயே குழந்தை விதவையின் துயரத்தைக் கதையாக்கியது. வேளாங்கண்ணியில் விரும்பிக் கொடுக்கும் கூந்தலை இங்கே கேட்காமல் எடுத்தார்கள். ஒருத்தி அழகாக இருக்கலாமா, எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அவளைத் தவிர மற்றவர்கள் தீர்மானித்தார்கள். இளமையைப் பறித்த அன்றைய கட்டளையும், இளமையை விடாதே என்ற இன்றைய கட்டளையும் பிறப்பது ஒரே இடத்தில்தான்.

இன்றைய கட்டளையைப் பரப்பியதில் சினிமாவுக்குப் பெரும் பங்கு. சிறுவயதில் கும்பகோணத்தில் படித்த எம்.ஜி.ஆர். 1917-இல் பிறந்தவர். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973-இல் வெளிவந்தபோது வாலிபனுக்கு வயது 56. முதலமைச்சரான பிறகும் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவரை மக்கள் பார்க்கவில்லை. சரியாக அதே 56 வயதில், 2007-இல், ரஜினிகாந்த் ‘சிவாஜி’யில் கல்யாணத்துக்குப் பெண் தேடும் இளைஞராக நடித்தார். அதில் ஒரு பாட்டுக்கு அவர் தோலின் நிறத்தையே கணினியில் மாற்றி வெள்ளையாக்கினார்கள். திரைக்கு வெளியே அவர் வழுக்கையும் நரைத்த தாடியுமாக மேடை ஏறுவது தமிழகத்துக்குப் பழகிவிட்டது. ரசிகர்கள் ஒரே மனிதரை இரண்டு வயதிலும் ஏற்றுக்கொள்கிறார்கள். 2011-இல் ‘மங்காத்தா’வில் அஜித் 40 வயதில் நரைத்த முடியை மறைக்காமல் நடித்தபோது அது ஒரு பாணியாகவே பரவியது.

நடிகைகளின் கணக்கு வேறு விதம். 1953-இல் பிறந்த ஸ்ரீவித்யா, 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் 22 வயதில் வயது வந்த பெண்ணுக்குத் தாயாக நடித்தார். அதில் அவருடைய கணவராக அறிமுகமானவர் ரஜினிகாந்த். 1991-இல் ‘தளபதி’யில் அதே ரஜினிக்கு அவர் அம்மா. மகனைவிட அம்மா இரண்டரை வயது இளையவர்! 16 ஆண்டுகளில் ரஜினி கதாநாயகனாகவே நின்றார்; ஸ்ரீவித்யா ஒரு தலைமுறை மூத்துவிட்டார். ஜோதிகா திருமணத்துக்குப் பின் சுமார் எட்டு ஆண்டு இடைவெளி விட்டுத் திரும்பி வந்த படத்துக்கு ‘36 வயதினிலே’ என்று பெயர் வைத்தார்கள். 36 என்பது கதாநாயகிக்குத் தலைப்பில் அறிவிக்க வேண்டிய அளவுக்கு விசேஷமான வயதாக இருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1972-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆண் முதிர்ந்தால் மதிப்புக் கூடுகிறது, பெண் முதிர்ந்தால் குறைகிறது என்ற இரட்டை அளவுகோல் எல்லா நாட்டிலும் உண்டு. வயதை வைத்து ஒதுக்குவதற்கு ஒரு தனிப்பெயரை 1969-இல் உருவாக்கியவர் ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர். உலகில் இருவரில் ஒருவர் முதியவர்களைப் பற்றி இத்தகைய முன்முடிவோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. பாதிப்பு மனத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சிற்றூர் ஒன்றின் மக்களிடம் பல ஆண்டுகள் தொடர்ந்து திரட்டப்பட்ட தரவை ஆராய்ந்த பெக்கா லெவி, தம் மூப்பைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததை 2002-இல் வெளியிட்டார்.

சந்தை இந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது. பாரிஸில் யூஜின் ஷூலர் 1907-இல் செயற்கைத் தலைச்சாயம் கண்டுபிடித்து, 1909-இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய லோரியல். தமிழகத்துப் பாட்டிமார் அதற்கு முன் கரிசலாங்கண்ணித் தைலத்தையும், மருதாணியும் அவுரியும் அரைத்த விழுதையும் நம்பினார்கள். அவுரி முடியைக் கறுப்பாக்கும், மெல்ல மங்கும். கடைச் சாயத்தில் கறுப்பைத் தருவது பெரும்பாலும் பாரா-ஃபினைலின்-டயமின் என்ற வேதிப்பொருள். அது சிலருக்குக் காதோரமும் கண்ணிமையும் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். பாக்கெட்டின் முதுகில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லும் பொடி எழுத்துக் குறிப்பு இருக்கும். மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அதைப் படிப்பவர் யார்? ‘மூலிகை ஹென்னா’ என்று அச்சிட்டு விற்கும் கருப்பு மருதாணிப் பொடிகள் சிலவற்றிலும் இதே பொருள்தான்.

முகத்துக்கு வந்தால், 1975-இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் பெயரில் இருந்த நிறத்தை உதறி ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் விளம்பரங்களைவிடத் தெளிவாகவே பேசுகிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத குறைகளை வரிசைப்படுத்துகிறது. வழுக்கை, முடியின் நிறமாற்றம், இளநரை, முன்கூட்டிய மூப்பு ஆகியவை அதில் இருக்கின்றன. ஆனாலும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் நள்ளிரவுக்குப் பின் வரும் தைல விளம்பரங்களுக்குக் குறைவில்லை. மருத்துவச் சான்று உள்ளவை சிலதான். வெயில் தடுப்புக் களிம்பு தோலின் மூப்பைத் தள்ளிப்போடுகிறது. ட்ரெட்டினாயின் மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கிறது. மினாக்ஸிடில் சிலருக்கு முடி உதிர்வைக் கட்டுப்படுத்துகிறது. பூசுவதை நிறுத்தினால் வந்த பலன் போய்விடும். சுருக்கம் நீக்க 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போட்டாக்ஸ் ஊசி, இன்று தஞ்சாவூர், திருச்சித் தோல் மருத்துவமனைகளின் பலகையிலும் இருக்கிறது. அதன் பலன் மூன்று, நான்கு மாதம்.

இவ்வளவும் நடப்பது இந்தியாவில் வேகமாக மூப்படையும் மாநிலங்களில் ஒன்றில். 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 60 கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2031-இல் அது 18.2 விழுக்காடாகும் என்பது அரசின் கணிப்பு. அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், மறு ஆண்டே 60 ஆகவும் உயர்ந்தது. அவர்கள் நரையோடு வேலை பார்க்கலாம், பணிப்பதிவேடு காக்கும். ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆள் தேவை என்ற அட்டையில் வயது வரம்பும் இருக்கும். அவள் வாங்கும் சாயப் பாக்கெட்டை வீண் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. அது வேலைக்கான செலவு.

வயல் வேலை செய்தே முதிர்ந்தவளுக்கு நிலைமை தலைகீழ். முதியோர் உதவித்தொகை தமிழகத்தில் 1962-இல் தொடங்கியது. 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்றவராக இருக்க வேண்டும், 60 நிறைந்திருக்க வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது 1969-இல். அதற்கு முன் பிறந்த கூலிக் குடும்பத்துப் பெண்கள் பலரிடம் பிறப்புச் சான்று கிடையாது. வாக்காளர் அட்டைக்கோ ரேஷன் அட்டைக்கோ எழுத வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வயது போட்டிருப்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 40, 45, 50 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்களில் வயது குவிந்து கிடப்பதும் இப்படி வந்ததுதான். மகளுக்கு வரன் பார்க்கும்போது அவள் வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்ன அதே தாய், கிராம நிர்வாக அலுவலகத் திண்ணையில் "எனக்கு அறுபதுக்கு மேல ஆச்சு சார், தலையைப் பாருங்க" என்று முக்காட்டை விலக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. அட்டையில் 54 என்று இருந்தால், அந்த நரை செல்லாது.